ஃபூஜி மலைக்கு மூன்று பேர்

தேவதாஸ் எதையும் அட்டவணை போட்டுப் பார்க்காமல் செய்ய மாட்டார். ஜெர்சி சிட்டியில் ஒரு வங்கிக்கு ஒப்பந்த ஊழியராக வேலை. வங்கி புதிய மென்பொருளை ஏற்றும் நாட்களில் எதற்குப் பின் எது, அது பிசகினால் எப்படிப் பழைய நிலைக்குத் திரும்புவது என்று வரிவரியாக எழுதி வைப்பது அவர் பொறுப்பு. நாகர்கோவிலில் இயற்பியல் படித்தவர். கம்ப்யூட்டரை அவருக்கு யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. பழைய கையேடுகளைப் படித்துத் தானாகப் பிடித்துக்கொண்டது. அதனாலோ என்னவோ, ஒரு வரியை மூன்று தரம் படிக்காமல் நம்ப மாட்டார். அவருடைய அட்டவணைகளில் கடைசிக் கட்டத்துக்கு எப்போதும் ஒரே தலைப்பு: ரோல்பேக், அதாவது பழைய நிலைக்குத் திரும்பும் வழி.

ஜப்பானுக்கும் அப்படித்தான் போட்டார். எட்டு நாள், அறுபத்திரண்டு வரிகள். டோக்கியோவில் மூன்று இரவு. பிறகு பஸ்ஸில் மலையடிவாரத்துக் கவாகுச்சிகோ. ஃபூஜி மலையில் எட்டாம் நிலையத்துக் குடிலில் ஓர் இரவு தங்கி, விடியும்போது உச்சியில் இருக்க வேண்டும். இறங்கிய பின் கியோட்டோ, ஒசாகா. மழை பிடித்தால், ரயில் தவறினால், மனைவி கிருபாராணிக்கு மூட்டு மக்கர் பண்ணினால், மகள் ரெபெக்காவுக்கு உயரத்தில் மூச்சு முட்டினால், எல்லாவற்றுக்கும் மாற்று எழுதியிருந்தார். 'நூவர்க் விமான நிலையம், மூன்று பேர்' என்ற முதல் வரிக்கு மட்டும் ரோல்பேக் கட்டத்தில் 'தேவையில்லை' என்று போட்டிருந்தார்.

ரெபெக்கா நான்கு வயதில் அமெரிக்கா வந்தவள். பத்து வயதில் பள்ளிக்காக ஃபூஜியை அட்டையில் செய்து, பஞ்சால் பனி ஒட்டி, "இங்க போலாமாப்பா?" என்று கேட்டாள். "கிரீன் கார்டு வரட்டும் மக்களே, உடனே போலாம்" என்றார். அடுத்த வருடமும் அதையே சொன்னார். கிரீன் கார்டு வரிசை நகரவில்லை, ரெபெக்காதான் வளர்ந்தாள். வருகிற ஆகஸ்ட் முப்பதில் அவளுக்கு இருபத்தொன்று. அந்த வயதோடு பிள்ளைகள் அப்பாவின் விசாவிலிருந்தும் கிரீன் கார்டு வரிசையிலிருந்தும் கழன்றுவிடுவார்கள். அதனால் மே மாதம் அவளை மாணவர் விசாவுக்கு மாற்றக் கேட்டு, தேவதாஸ் தானே உட்கார்ந்து விண்ணப்பம் எழுதி அனுப்பினார். அனுப்பிய கையோடு, இனி எதற்கும் காத்திருப்பதில்லை என்று ஜூலைக்கு டிக்கெட் போட்டார்.

மலையேறப் பயிற்சியும் நடந்தது. அவர்கள் குடியிருக்கும் கட்டிடத்துக்குப் பதினான்கு மாடி. பத்து பவுண்டு அரிசிப் பையை முதுகுப்பையில் வைத்துக்கொண்டு அப்பாவும் மகளும் படியேறுவார்கள். ஒன்பதாம் மாடியில் தேவதாஸ் கைப்பிடியைப் பிடித்து நின்றுவிடுவார்.

"அப்பா, ஃபூஜில எஸ்கலேட்டர் இருக்கான்னு உங்க ஷீட்ல செக் பண்ணீங்களா?"

"நக்கலா? நீ ஏறு மக்களே. நான் பின்னால வாறேன்."

ஜூன் கடைசி ஞாயிறு, தமிழ் ஆராதனை முடிந்து சர்ச் ஹாலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்த சபை இளைஞன் ஸ்டெபினிடம் பயணத்தைப் பற்றிச் சொன்னார். ஸ்டெபினின் தங்கைக்கும் போன வருடம்தான் இருபத்தொன்று ஆகியிருந்தது. அவன் மெல்லுவதை நிறுத்தினான்.

"அங்கிள், ரெபெக்கா அப்ளிகேஷன் இன்னும் பெண்டிங்தானே?"

"ஆமா. அதுக்கென்ன? பாஸ்போர்ட்ல விசா ஸ்டாம்பிங் ஆகஸ்ட் கடைசி வரைக்கும் வேலிட். நல்லா பாத்துட்டேன்."

"ஸ்டாம்பிங் இல்ல அங்கிள். அது பெண்டிங்ல இருக்கும்போது நாட்டை விட்டு வெளிய போனா, வேண்டாம்னு விட்டுட்டதா எடுத்துக்குவாங்க. அதனாலதான் என் தங்கச்சி சொந்தத்துல ஒரு கல்யாணத்துக்குக்கூட ஊருக்குப் போகல."

தேவதாஸ் தட்டைக் கீழே வைத்தார். பதினேழு வருடமாக ஊருக்குக் கிளம்பும்போதெல்லாம் அந்த வீட்டில் ஒரே கேள்விதான்: பாஸ்போர்ட்டில் ஸ்டாம்பிங் உயிரோடு இருக்கிறதா? அதைத்தான் இப்போதும் மூன்று தரம் பார்த்தார். தான் கையெழுத்து வாங்கி அனுப்பிய விண்ணப்பத்தோடு வந்த விளக்கத்தை ஒரு தரம்கூட பயணத்தோடு சேர்த்துப் படிக்கவில்லை.

திங்கட்கிழமை வக்கீலைக் கூப்பிட்டார். திரும்பி வந்து புதிதாகப் போடலாம்தான் என்றார் வக்கீல். ஆனால் உள்ளே விடும்போது என்ன கேட்பார்கள், நாள் போதுமா என்று இப்போது யாராலும் உறுதி சொல்ல முடியாது. "என் மகளாக இருந்தால் அனுப்ப மாட்டேன்" என்று முடித்தார்.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் மகளிடம் சொன்னார். புதுப் பூட்ஸ் காலைக் கடிக்காமல் இருக்க ரெபெக்கா அதை வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்துகொண்டிருந்த நாட்கள். கேட்டு முடித்ததும் குனிந்து நாடாவை அவிழ்த்தாள்.

"ஸோ, நீங்க ரெண்டு பேரும் போங்க. ஐ மீன் இட்."

"நாங்க போய் யாருக்குப் போட்டோ எடுக்க?" என்றாள் கிருபாராணி. "இஞ்ச பாருங்க, எல்லாத்தையும் கேன்சல் பண்ணுங்க."

"ஷீட்ல ரோல்பேக் என்னப்பா போட்டிருந்தீங்க?"

பழக்கத்தில் தேவதாஸின் வாயில் வந்தது: "அடுத்த வருஷம் கண்டிப்பா போலாம் மக்களே. கிரீன் கார்டு மட்டும்..."

"டோன்ட் சே தட், அப்பா." அவள் குரல் உயரவில்லை. "உங்க கிரீன் கார்டு வந்தாலும் அதுல நான் இல்ல. படிப்பு முடிஞ்சா நான் இங்க இருப்பேனா, கனடாவா, எங்கன்னே தெரியாது. மூணு பேர்னு போட்டு டிக்கெட் எடுக்க இந்த ஜூலைதான் இருந்துச்சு."

கிருபாராணி எழுந்து அடுப்பங்கரைக்குப் போய், தேவையே இல்லாமல் குழாயைத் திறந்துவிட்டாள்.

ஒவ்வொரு வரியாகத் தேவதாஸ் ரத்து செய்தார். மலைக்குடிலின் படிவத்தில் 'எத்தனை பேர் வரவில்லை' என்று ஒரு கேள்வி இருந்தது. ஒன்று என்று போட்டு, அழித்து, மூன்று என்று போட்டார்.

விமானம் கிளம்பியிருக்க வேண்டிய நாளில் அவர் வேலைக்குப் போனார். விடுப்பைத் திருப்பிக் கொடுத்திருந்தார். மாலை திரும்பியபோது லிஃப்டுக்காக நின்ற இடத்தில், படிக்கட்டுக் கதவுக்குப் பின்னால் காலடி கேட்டது. திறந்து பார்த்தார். ரெபெக்கா பூட்ஸோடு, முதுகுப்பையோடு ஏறிக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்தாள், நிற்கவில்லை. தேவதாஸ் ஆபீஸ் ஷூவோடு பின்னால் ஏறினார்.

ஒன்பதாம் மாடியில் அவர் நிற்கவில்லை. பதினான்காம் மாடிக்கு மேல் இன்னும் எட்டுப் படி. அதற்கு மேல் மொட்டைமாடிக் கதவு. திறந்தால் அலாரம் அடிக்கும் என்று எழுதியிருந்தது. கடைசிப் படியில் இருவரும் உட்கார்ந்தார்கள். மூச்சு வாங்குவது அடங்க வெகுநேரம் ஆயிற்று. ரெபெக்கா பையைக் கழற்றாமல் அவர் தோளில் சாய்ந்தாள். அவள் அழுவது பையின் அசைவில் தெரிந்தது.

போன் அடித்தது. கிருபாராணி.

"என்னங்க, உலை வச்சிட்டுத் தேடுறேன். அரிசிப் பையைக் காணல."

"இஞ்சதான் இருக்கு," என்றார் தேவதாஸ். "கொண்டு வாறோம்."

இருவரும் எழுந்திருக்கவில்லை.