தகரம் தட்டாத காலை

சந்திரகிரிக் கோட்டைச் சுவரருகே, கிளியைப் படம் பிடிக்க நண்பனோடு இரண்டு மணி நேரமாக அசையாமல் உட்கார்ந்திருந்தேன். தூரத்துத் தோப்பில் யாரோ தகரம் தட்டினார்கள்.

என் சிறுவயதில், பங்காருபாளையத்து மாந்தோப்பில் என் அப்பா நைனாவுக்கும் அதுதான் வேலை, தகரம் தட்டிக் கிளி விரட்டுவது. கிளியைப் பள்ளிப் புத்தகத்தில் மட்டும் கிட்டத்தில் பார்த்திருந்த நான் ஒருநாள் கெஞ்சினேன்.

"இன்னிக்கி மட்டும் தட்டாத நைனா."

"கிளி பழத்தத் துன்னா, ஓனரு என்னத் துன்னுடுவாருடா" என்று சிரித்தார். ஆனாலும் தட்டவில்லை. மூச்சடக்கிக் காத்திருந்தோம். கைக்கெட்டும் கிளையில் கிளிகள் கூட்டமாக வந்து இறங்கின.

மறுநாள் கொத்துப்பட்ட பழங்களைக் காட்டி, "என்னா பண்ணிக்கினு இருந்த?" என்று கத்தினார் தோப்புக்காரர்.

"தூங்கிட்டேங்க" என்றார் நைனா.

வேலை போயிற்று. தூங்குமூஞ்சி என்று பெயரானவருக்குச் சாகும்வரை எந்தத் தோப்பிலும் காவல் கிடைக்கவில்லை.

சுவரில் கிளி வந்து உட்கார்ந்தது. நான் கேமராவைத் தூக்கவில்லை.

"எட்றா" என்று நண்பன் கிசுகிசுத்தான். "தூங்கிட்டியா?"