ஒன்பதாம் நம்பர் ஜாக்கி

பேய் நடுராத்திரியில்தான் வரும் என்று நினைப்பவர்கள் இதைப் படிக்க வேண்டாம். இது பட்டப்பகலில் நடந்தது. என் கண் முன்னால். நம்பாதவர்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பு இல்லை.

விமானங்களைப் பழுது பார்க்கும் ஹேங்கரில் நான் ஸ்டோர் கீப்பர். ஏணி, தள்ளுவண்டி, விமானத்தையே தூக்கி நிறுத்தும் ஜாக்கி, எல்லாவற்றுக்கும் நம்பர் உண்டு. எது எங்கே இருக்கிறது, யார் எடுத்தார்கள், அடுத்த சோதனை எப்போது என்று ஒரு சாஃப்ட்வேர் சொல்லிவிடும். ஜாக்கியின் தலையில் இந்த நிமிடம் எத்தனை கிலோ பாரம் என்பதுகூடத் திரையில் தெரியும். சோதனைத் தேதி தாண்டினால் அந்த வரி சிவப்பாகிவிடும். தலைகீழாக நின்றாலும் பொருளை வெளியே விடாது.

அன்று காலை ஒன்பதாம் நம்பர் ஜாக்கி சிவப்பு. மூடிப்போன வேறொரு ஹேங்கரிலிருந்து சல்லிசாக வாங்கியது. விமானம் மாலைக்குள் கிளம்பியாக வேண்டும் என்று மேனேஜர் என் உயிரை எடுத்தார். சோதிக்காமலே புதுத் தேதி போட்டேன். ‘சோதித்தவர்’ என்ற கட்டத்தில் என் பெயரை அடித்தேன். வரி பச்சையானது.

11:20. ஜாக்கி ஸ்டோரில் சும்மா நிற்கிறது. அதன் தலையில் ஒன்றுமே இல்லை. ஆனால் திரையில் பாரம்... 74 கிலோ.

சென்சார் கோளாறு என்று பூஜ்யமாக்கினேன். மறுபடி 74. மறுபடி பூஜ்யம். மறுபடி 74. சனியன் தொலையட்டும் என்று விட்டுவிட்டேன். அந்தப் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஜாக்கியை எடுக்க வந்தவன் என் தங்கை புருஷன். அங்கேயே மெக்கானிக்.

"என்ன மச்சான், பேயறைஞ்ச மாதிரி இருக்கே?"

"ஒண்ணுமில்ல மாப்ள. எடுத்துட்டுப் போ."

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

1:50. விமானம் மூன்று ஜாக்கிகள் மேல் நின்றது. இடது இறக்கைக்குக் கீழே ஒன்பது. பாரம் 6,200 கிலோ.

2:07. அந்த எண் அழிந்தது. 74.

கண்ணாடி வழியே பார்த்தேன். இறக்கை அதே இடத்தில்தான் நிற்கிறது. வாக்கி டாக்கியில் கத்தினேன்.

"எல்லாரும் வெளிய வாங்க! மாப்ள, வெளிய வா!"

நான்கு பேர் ஓடி வந்தார்கள். அவனும் வந்துவிட்டான். வந்தவன் திரும்பிப் பார்த்தான். வாக்கி டாக்கியில் அவன் குரல்.

"மச்சான்... ஜாக்கிக்கிட்ட ஒருத்தன் படுத்துக் கெடக்கான்."

"யாருமில்லடா! வா!"

"கையை ஆட்டிக் கூப்பிடுறான். இழுத்துட்டு வந்துடறேன்."

குனிந்து உள்ளே போனான்.

டக்.

எண்ணெய் பீய்ச்சி அடித்தது. ஜாக்கியின் கால் தெறித்து அவன் முழங்காலை உடைத்தது. விழுந்தான். எழப் பார்த்தான்.

இறக்கை இறங்கியது. நெஞ்சின் மேல்.

எலும்பு நொறுங்கியதை வாக்கி டாக்கியில் கேட்டேன். அலறலைக் கேட்டேன். அது நின்றது.

அப்புறம்... யாரோ மூச்சு விட்டார்கள்.

அவன் இல்லை.

2:31. இறக்கையைத் தூக்கினோம். கீழே ஒரே ஓர் உடல்.

விசாரணையில் பழைய ஹேங்கரின் காகிதங்கள் வந்தன. ஆறு வருடம் முன்பு அதே ஜாக்கி சரிந்து ஒரு பெயின்டர் மாட்டிக்கொண்டான். உயிர் போகும்வரை கையை ஆட்டிக் கூப்பிட்டானாம். பயத்தில் ஒருவரும் உள்ளே போகவில்லை. மருத்துவச் சீட்டில் அவன் எடை 74.

ஜாக்கியை உருக்கிவிட்டார்கள். என்னை வேலையை விட்டுத் துரத்தினார்கள். தங்கை என் முகத்தில் விழிப்பதில்லை. அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

போன வாரம் புது ஸ்டோர் கீப்பர் போன் செய்தார்.

"அண்ணே, ஒன்பதாம் நம்பர்னு ஒரு வரி. அழிச்சாலும் திரும்ப வருது. சோதிச்சவர்னு உங்க பேர் இருக்கு."

"பாரம் எவ்வளவு? எழுபத்திநாலா?"

"இல்லண்ணே. நூத்தி நாப்பத்திரெண்டு."

என் மாப்பிள்ளையின் எடை 68.