காருக்கு அடியில் தெரிந்த கால்கள்

ஷெட்டிலிருந்து 'டங்' என்று ஒரு சத்தம் கேட்டது. சிமெண்டுத் தரையில் ஸ்பேனர் விழுகிற சத்தம். காரின் பின் சீட்டுக்குப் போடும் விரிப்பை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த டிரைவரக்காவின் கை அப்படியே நின்றது. ஷெட்டில் ஸ்பேனரைக் கீழே போடுவதற்கு இந்த வீட்டில் இப்போது ஆள் கிடையாது. போடுகிறவர் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது.

துணி கருகுகிற வாசனை மூக்கில் ஏறிய பிறகுதான் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

டிரைவரக்கா என்பது தெருக்காரர்கள் வைத்த பெயர். டயாலிசிஸ் செய்துகொள்ளும் நோயாளிகளை வாசலில் ஏற்றி, ஆஸ்பத்திரியில் இறக்கி, முடிந்ததும் பத்திரமாக வீட்டில் கொண்டுவந்து விடுவது அவள் பிழைப்பு. அச்சகத்தில் மெஷின் ஓட்டிய புருஷன் அவளுக்கென்று விட்டுப்போனது ஒரு பழைய காரும், அதை ஓட்டக் கற்றுக்கொடுத்த பாடமும்தான். அழுது முடிப்பதற்குள் அடுப்பு எரிய வேண்டியிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டாள்.

கொஞ்ச நாளாகக் காரின் முன்பக்கம் இடதுபுறமாகச் சாய்ந்து நின்றது. பள்ளத்தில் இறங்கினால் 'டொக்கு டொக்கு' என்று எலும்பில் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம். வழக்கமாக வரும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"உன் வண்டியில நாலு தடவ போனா கிட்னியில இருக்கிற கல்லு தானா உதிர்ந்துடும்மா. எனக்குக் கல்லு இல்லையே, அதுதான் கவலை."

காரின் ஸ்பிரிங், சஸ்பென்ஷன் வேலை மட்டுமே பார்க்கிற ஒரு கடையின் நம்பரையும் கொடுத்தார். அவள் வாங்கி வைத்துக்கொண்டாள். கூப்பிடவில்லை. காரணத்தைச் சொன்னால் சிரிப்பார்கள். காரைக் கடையில் விட்டால் ஷெட் காலியாகிவிடும். ஷெட்டின் நடுத்தரை வெறுமையாகத் தெரியும். அந்தத் தரையை மறைக்கத்தானே ஒவ்வொரு நாளும் வண்டியை அளவு பார்த்து அதே இடத்தில் நிறுத்துகிறாள்.

அவர் போன அன்றைக்கும் இப்படியொரு சாயங்காலம்தான். டீயை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனாள். காருக்கு அடியிலிருந்து அவருடைய கால்கள் இரண்டும் நீட்டிக்கொண்டிருந்தன. கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து அந்தக் கால்களோடு பேசினாள். தண்ணீர் மோட்டார் மக்கர் பண்ணுவதைச் சொன்னாள். தங்கை வீட்டுச் சண்டையைச் சொன்னாள். அதில் வந்த ஒரு வேடிக்கையைச் சொல்லித் தானே சிரித்துக்கொண்டாள். பதில் வராததை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் பேசாமல் கேட்டுக்கொள்கிற ரகம். டீ ஆடை கட்டிய பிறகுதான் காலைத் தட்டிப் பார்த்தாள்.

இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். எப்போது நின்றது என்று அவரால் சொல்ல முடியவில்லை. தான் பேசியதில் எந்த வார்த்தை வரைக்கும் அவர் காதில் விழுந்தது? அந்த ஒரு கேள்வி அவளைத் தூங்கவிடாமல் தின்றது.

இப்போது ஷெட்டுக்குப் போகும் உள்கதவைத் தள்ளினாள்.

காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அதே நீல வேலைப் பேண்ட். முழங்காலில் அதே ஆயில் கறை. ஆணியில் அவள் மாட்டி வைத்திருந்த பேண்ட் ஆணியில் இல்லை.

"யாரு?" என்றாள்.

ஓர் எட்டு முன்னால் வைத்தாள்.

"யாருன்னு கேக்குறேன்ல. பேசுங்க." தன்னையறியாமல் 'பேசுங்க' என்று வந்துவிட்டது.

கால்கள் அசையவில்லை. ஆனால் கார் அசைந்தது. தூக்கம் வந்த கண்ணிமை மாதிரி, முன்பக்கம் மெல்ல, மிக மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. வண்டியைத் தூக்கி நிறுத்தும் அந்தப் பழைய ஜாக்கியைப் பற்றி அவர் சொல்வது அவளுக்குத் தெரியும்: அது தூக்கும், தாங்காது. தூக்கியதும் இரண்டு பக்கமும் இரும்பு ஸ்டாண்டுகளை முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் அவர் அடியில் போவார்.

ஸ்டாண்டுகள் அங்கே இல்லை.

இருக்காது. காரியம் முடிந்த மறுவாரமே அவற்றைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொல்லையில் துணி துவைக்கிற பலகைக்கு முட்டாக வைத்தவள் அவள்தான். ஸ்டாண்டு இல்லாவிட்டால் இனி இந்தக் காருக்கு அடியில் யாரும் படுக்க மாட்டார்கள் என்று ஒரு கணக்கு. யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு கணுக்கால்களையும் பிடித்து இழுத்தாள். கை சுட்டது, உயிருள்ள உடம்பின் சூடு. கீழே விரித்திருந்த அட்டையோடு சேர்ந்து ஓர் ஆள் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தான். வாயில் டார்ச்சைக் கவ்வியிருந்தான். கொழுந்தன்.

டார்ச்சைத் துப்பிவிட்டு, "அண்ணி, காலைக் கழட்டி எடுத்துடுவீங்க போலிருக்கே" என்றான்.

"ஏன் பேசல?"

"வாயில டார்ச்சு. ரெண்டு கையும் போல்ட்டுல. மூணாவது கைக்கு எங்க போறது?"

அவள் காரைக் காட்டினாள். அவன் திரும்பிப் பார்த்தான். அவன் நெஞ்சு இருந்த இடத்தில் இப்போது ஒரு கை நுழைகிற இடைவெளிகூட இல்லை. கழற்றிப் படுக்க வைத்திருந்த சக்கரத்தின்மேல் வண்டி முனகிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அவன் மெல்ல எழுந்து உட்கார்ந்தான். பிறகு பேண்டில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "ஸ்டாண்ட தேடினேன் அண்ணி. கிடைக்கல. சரி, ஒரு நட்டு தானேன்னு..."

"அது கொல்லையில இருக்கு. நான்தான் கொண்டுபோய் வச்சேன்."

"ஏன்?"

"யாரும் அடியில போகக்கூடாதுன்னு."

அவனுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "நல்லா தடுத்தீங்க போங்க."

மொபைல் கடையில் வேலை பார்க்கிறவன் அவன். கொல்லைக் கதவின் சாவி அவனிடம் ஒன்று உண்டு. அண்ணிக்குத் தெரியாமல் வேலையை முடித்துவிட்டு, சத்தமில்லாத காரை வாசலில் நிறுத்திக் காட்ட வேண்டும் என்று ஆசை.

"வீடியோ பாத்தேன் அண்ணி. அதுல ஒருத்தன் பாட்டுக் கேட்டுக்கிட்டே முடிச்சுட்டான்."

"அவனுக்கு அண்ணி இல்ல போலிருக்கு."

"கடைக்காரன் தலையில மிளகா அரைச்சுடுவான். அதுவும் போக, அண்ணன் கை தவிர வெளியாள் கையே படாத வண்டி இது." அவன் ஸ்பேனரை எடுத்துத் துடைத்தான். "என்னையே தொட விட்டதில்ல. நீ தொட்டா வண்டி அழும்டான்னு சொல்லுவாரு. ஒரு தடவயாவது நான் சரியா செஞ்சேன்னு... இப்போ ஸ்டாண்ட எடுத்துட்டு வந்து வைக்கிறேன். இருட்டுறதுக்குள்ள முடிஞ்சுடும். சரின்னு சொல்லுங்க."

சரி என்று சொல்லத்தான் அவளும் வாயெடுத்தாள். கார் இங்கேயே இருக்கும். தரை மூடியே இருக்கும். அவர் முறுக்கிய போல்ட்டை அவர் ரத்தமே திறக்கும். வேறென்ன வேண்டும்?

அவன் கொல்லைக்கு ஓடிப்போய் ஸ்டாண்டுகளைக் கொண்டுவந்தான். ஜாக்கியை ஏற்றினான், முட்டுக்கொடுத்தான், ஆட்டிப் பார்த்தான். எல்லாம் சரியாகவே செய்தான். பிறகு அட்டையில் மல்லாந்து படுத்து, ஒரு நெளிவில் உள்ளே போனான். நீலப் பேண்டுக் கால்கள் இரண்டும் அவள் முன்னால் நீண்டன.

"அண்ணி, சும்மா நிக்காதீங்க. ஏதாவது பேசிக்கிட்டு இருங்க" என்றது காருக்கு அடியிலிருந்து குரல்.

கவிழ்த்த வாளியில் உட்காரப் போனவள் சட்டென்று நிமிர்ந்துவிட்டாள். செல்போனை எடுத்துத் தலைமையாசிரியர் கொடுத்த நம்பரை அழுத்தினாள்.

"சஸ்பென்ஷன் கடைங்க. சொல்லுங்க."

"உங்க கடையில படுத்துக்கிட்டு வேலை பாப்பாங்களா?"

"வேலை நேரத்துல படுக்கிறதா? நான் விடுவேனாம்மா."

"அது இல்ல. வண்டிக்கு அடியில."

"ஓ. இல்லம்மா. லிஃப்ட்டுல ஏத்திடுவோம். வண்டி தலைக்கு மேல நிக்கும். கீழ நின்னுக்கிட்டே பாக்குறதுதான்."

"எல்லாரும் நின்னுக்கிட்டா?"

"எல்லாரும்தாம்மா."

"அப்போ இப்பவே வந்து எடுத்துட்டுப் போங்க."

உள்ளே ஸ்பேனர் நின்றுவிட்டது. கொழுந்தன் தானாகவே வெளியே வந்தான். அவன் முகத்தில் வருத்தம் அப்பட்டமாகத் தெரிந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் சக்கரத்தை எடுத்து மாட்டத் தொடங்கினான்.

கடைக்காரர் வண்டியை இழுத்துப்போகும் லாரியோடு வந்தார். சக்கரத்தின் இடுக்கில் விளக்கடித்துப் பார்த்தார்.

"ஸ்பிரிங்குல அடியில இருக்கிற சுத்து உடைஞ்சிருக்கு. இதை வீட்டுல கழட்டியிருந்தீங்கன்னா எகிறி ஆளை அடிச்சிருக்கும்." மறுபடி குனிந்தார். "இதுக்கு முன்னாடி யாரும்மா பாத்தது?"

"வீட்டுக்காரர்."

"முறுக்கின ஒவ்வொரு போல்ட்டுக்கும் பெயிண்டுப் பொட்டு வச்சிருக்காரே. பொறுமைசாலி. வண்டி எடுக்க வரும்போது அவரையும் கூட்டிட்டு வாங்கம்மா, பேசிக்கிட்டிருக்கலாம்."

கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் மட்டும் நிமிர்ந்தபடி, "சொல்றேன்" என்றாள்.

"நானும் கூடப் போறேன் அண்ணி" என்று கொழுந்தன் லாரியில் ஏறினான். "நின்னுக்கிட்டேதான் பாப்பேன். பயப்படாதீங்க."

சங்கிலி இறுகியது. கார் பின்னோக்கி நகர்ந்து, ஷெட்டை விட்டு வெளியே போனது. லாரி தெருமுனையில் திரும்பும் வரைக்கும் அவள் உள்கதவருகில் அசையாமல் நின்றாள்.

ஷெட்டின் நடுவில் வெளிச்சம் விழுந்தது. வெறும் தரை. கொஞ்சம் தூசு, காய்ந்த ஆயில், நைந்த அட்டை. சாத்த வேண்டிய பெரிய கதவு எதிர்ப்பக்கம் இருந்தது. நேராக நடந்தால் நாலு எட்டுதான். அவள் காலை எடுத்து வைத்தாள், பிறகு பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். தூங்குகிற ஆளைத் தாண்டக் கூடாதே என்பதுபோல், சுவரோரமாகவே சுற்றிப்போய்க் கதவைச் சாத்தினாள்.