அப்பாவைச் சிரிக்க வைத்த ஆட்டம்

திருநகரில் ஒரு மண்டபத்தில் நடந்த டான்ஸ் போட்டியில், முதல் சுற்றிலேயே என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். ஜிகினாச் சட்டையோடு மேக்கப் அறையில் உட்கார்ந்திருந்தேன். யாரோ ரோஸ் பவுடர் டப்பாவைத் தட்டிவிட்டார்கள். அந்த வாசனை என்னை எங்கள் வில்லாபுரத்து வீட்டுக்கே கொண்டுபோய்விட்டது.

அப்போது எனக்கு ஏழு வயது. மில் வேலை போன அப்பா, பல நாட்களாகச் சுவரைப் பார்த்தபடியே படுத்திருந்தார். ஒரு மத்தியானம் அம்மாவின் பவுடரை முகமெல்லாம் அப்பிக்கொண்டு, அவளுடைய பட்டுச்சேலையை இடுப்பில் சுற்றி, அவர் முன்னால் ஆடினேன். அப்பா திரும்பிப் பார்த்தார். எழுந்து உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"இன்னொரு தடவ ஆடுய்யா."

கால் வலிக்கும்வரை ஆடினேன். ஸ்டார் ஆக வேண்டும் என்று நினைத்தது அன்றுதான். இந்தப் பத்து வருடத்தில் அது எனக்கே மறந்துபோயிருந்தது.

உடனே அப்பாவுக்கு போன் போட்டேன்.

"சின்ன வயசுல உங்க முன்னாடி ஆடுனேனே, ஞாபகம் இருக்காப்பா?"

அந்தப் பக்கம் டி.வி. சத்தத்தைக் குறைத்தார்.

"இருக்கு. அப்ப நீ சின்னப்புள்ள. இப்ப நீ ஆடுறதுக்கு ஊரே என்னப் பாத்துச் சிரிக்குதுய்யா. போதும், வீட்டுக்கு வா."

"வாரேன்ப்பா," என்றேன்.

ஆட்டத்தைத் தவிர, அவரைச் சிரிக்க வைக்க எனக்கு வேறெதுவும் தெரியாது.