காப்பு நாளில் அடித்த சாவு அடி

என் மகளின் தலையில் இரும்புக் கம்பி விழுந்த சத்தத்தை நான் கேட்டேன். பச்சை விறகை முறிக்கிற சத்தம் அது. இப்போதும் யாராவது விறகு முறித்தால் எழுந்து வெளியே போய்விடுவேன்.

நான் நாலு பேர் முன்னால் பேசாதவன். தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் செடி வெட்டும் கவ்வாத்து வேலை. எட்டாம் வகுப்பு வரை படித்தேன். திருவிழா வந்தால் தப்பு மேளம் அடிப்பேன். அப்போது மட்டும்தான் ஊர் என்னைத் திரும்பிப் பார்க்கும். மாரியம்மன் எனக்குச் செய்ததைச் சொல்லும்படி கோயில் அன்பர்கள் கேட்டார்கள். வாயால் சொல்ல இன்றும் முடியாது. அதனால் எழுதித் தருகிறேன்.

என் மகள் தர்ஷினி கம்பஸில், பல்கலைக்கழகத்தில், சுற்றாடல் பொறியியல் படிக்கிறாள். தண்ணீரையும் கழிவையும் பற்றிய படிப்பு என்று எனக்கு விளங்கும்படி சொன்னாள். கடைசி வருட ஆய்வுக்கு எங்கள் தோட்டத்து ஓடையையே எடுத்தாள். ஓடைக் கரையில் பழைய பெட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் கொட்டகை ஒன்று இருந்தது. அசிட்டை ஓடையில்தான் ஊற்றினார்கள். அதற்குக் கீழேதான் லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள் குளிப்பார்கள். மகள் கிழமைக்கு ஒரு முறை வந்து, போத்தல்களில் தண்ணீர் பிடித்து, பெயர் ஒட்டிக் கொண்டுபோவாள்.

கொட்டகையில் வேலை செய்த செல்வம் அடுத்த லயத்துக்காரன். ஒரு நாள் பாதையில் என்னை மறித்தான்.

"அண்ணே, ஒங்க கம்பஸ்காரிய வீட்டோட வச்சிக்குங்க. இல்லாட்டி தண்ணி மோக்கிற கைய ஒடச்சிருவோம்."

நான் தலையைக் குனிந்துகொண்டு வந்தேன். மகளிடம் சொன்னேன். "ஒரு கை ஒடஞ்சா மத்தக் கையால மோந்துக்கிறேன்ப்பா" என்று சிரித்தாள்.

போன வருடத் திருவிழாவில், காப்புக் கட்டிய மூன்றாம் நாள், பிற்பகல். மாலையில் கரகம் பாலிக்க, குடத்தில் தண்ணீர் மொண்டு அம்மனாக அலங்கரிக்க, ஊரே ஓடைக்கு வரும். அதற்கு முன்னால் கரையைத் துப்பரவாக்க நான் போனேன். தப்பைக் கோயிலடி நெருப்பில் காய்ச்சித் தோளில் மாட்டியிருந்தேன். தோல் காய்ந்தால்தான் சத்தம் மலை தாண்டும். மகளும் போத்தல்களோடு வந்து, சற்று மேலே கொட்டகைக் குழாய் விழும் இடத்தில் இறங்கினாள்.

செல்வமும் வெளியூர்க்காரர் இரண்டு பேரும் வந்தார்கள். முதலில் போத்தல்களைக் கல்லில் அடித்தார்கள்.

"ஒடைக்காதீங்க! அது என் பரீட்ச!" என்று அவள் கத்தினாள்.

ஒருவன் முடியைப் பிடித்து அவள் முகத்தை அந்தத் தண்ணீருக்குள் அமுக்கினான். நான் ஓடினேன். முழங்காலில் அடி விழுந்தது. விழுந்த என்னை மார்பில் மிதித்தார்கள். அவள் திமிறித் தலையைத் தூக்கினாள். செல்வம் கம்பியை ஓங்கினான். அந்தச் சத்தம் அப்போது கேட்டதுதான்.

கத்த வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. தாயே, ஒரு சத்தம் கொடு என்று மனதுக்குள் கெஞ்சினேன். தொண்டையில் காற்றுதான் வந்தது. ஆனால் கை தப்பில் பட்டது.

திருவிழா அடி அடித்தால் ஊர் ஆற அமரப் பூக் கட்டிக்கொண்டு வரும். போட்டது போட்டபடி ஓடி வருவது சாவு அடிக்குத்தான். காப்புக் கட்டிய ஊரில் அதை அடிக்கவே கூடாது. மெய்யாகச் சாவு விழுந்தாலும் மேளம் இல்லாமல்தான் தூக்குவோம். என் கையிலும் காப்பு இருந்தது.

கம்பி மறுபடி மேலே போனது. நான் அடித்தேன். கிடந்தபடியே சாவு அடி அடித்தேன்.

"பார்ரா, மகளுக்கு இவனே மோளம் அடிக்கிறான்!" என்று வெளியூர்க்காரன் சிரித்தான். செல்வம் சிரிக்கவில்லை. அவனுக்குத் தெரியும். "அவன் கைய ஒடைங்கடா!" என்று அலறினான். கல்லை எடுத்து என் இடது கை விரல்களில் போட்டார்கள். வலது கையால் அடித்தேன்.

மலையிலிருந்து குரல்கள் இறங்கின. "யாரு? யாரு செத்தது?" கொழுந்துக் கூடையோடு பெண்கள், கவ்வாத்துக் கத்தியோடு ஆண்கள். இரண்டு பேர் ஓடிவிட்டார்கள். செல்வம் பாறையில் வழுக்கி ஊரின் கையில் அகப்பட்டான். ஊர் அடித்தது. நானும் ஊர்ந்து போய்ப் பெரிய கல் ஒன்றைத் தூக்கினேன். அவன் மண்டைக்கு நேராகத்தான் தூக்கினேன்.

இரத்தம் வடிகிற கை ஒன்று என் காலைப் பிடித்தது. "அப்பா... போத்தல்." அவள் சட்டைக்குள் உடையாத போத்தல் ஒன்று இருந்தது. அதை வாங்க எனக்கு இருந்தது ஒரே கை. கல்லைப் போட்டுவிட்டு வாங்கினேன். அவள் கண் மூடிவிட்டது.

கண்டி ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் அவள் கண் திறக்கவில்லை. பார்க்க வந்தவர்கள் எனக்குக் கேட்கும்படியே பேசினார்கள்: "காப்பு நாள்ல சாவு அடி அடிச்சிருக்கான். ஆத்தா ஒரு உசுரு கேக்காம விடுவாளா?" நானும் அதைத்தான் நினைத்தேன். என் பிள்ளைக்குச் சாவை நானே கூப்பிட்டுவிட்டேன். தண்ணீர்கூடக் குடிக்காமல் வாசலில் கிடந்தேன். "அடிச்சது நான். கேக்கிறதுன்னா என்னைக் கேளு தாயே." வேறு ஜெபம் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் காலை அவள் கண் திறந்தாள். என் கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். கிழிந்த உதட்டோடு, "எனக்கே சாவு மோளம் அடிச்சிட்டீங்களேப்பா" என்று சிரித்தாள். நான் அந்த வார்ட்டில் எல்லோருக்கும் கேட்க அழுதேன். அன்றுதான் எனக்குக் குரல் வந்தது.

பூசாரி விபூதியோடு வந்தார். என்ன பரிகாரம் செய்ய வேண்டும் என்று காலில் விழுந்தேன்.

"எந்திரிப்பா. ஊரக் கூப்பிட ஆத்தாளுக்கு அங்க வேற வாயா இருந்திச்சு? ஒன் கையத்தான் புடிச்சிருக்கா."

அந்த ஒரு போத்தல் தண்ணீரைச் சோதித்தார்கள்; ஈயம் இருந்தது. அதிகாரிகள் வந்து கொட்டகைக்குச் சீல் வைத்தார்கள். செல்வம் மீது வழக்கு நடக்கிறது. மகளுக்கு இடது காது கேட்காது; வகுப்பில் முன் வரிசையில் இருந்து படிக்கிறாள். என் இரண்டு விரல்கள் மடங்காது. ஓடை தேற வருடங்கள் ஆகும் என்கிறாள். அதனால் இந்த வருடம் மலை உச்சி ஊற்றில் கரகம் பாலித்தோம். இடம் காட்டியது அவள். முதல் அடி அடித்தது நான்.

என்னைப் போல வாய் வராதவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். ஜெபிக்கத் தெரியவில்லையே என்று வருந்தாதீர்கள். கையில் இருப்பதை எடுத்துத் தட்டுங்கள். எந்த அடி என்று அம்மன் பார்ப்பதில்லை. போட்டது போட்டபடி ஓடி வருவாள்.