கூரை இல்லாத வரைபடம்

உங்கள் அலுவலக வாசலில் எத்தனை படிகள்? எட்டிப் பார்க்காமல் சொல்லுங்கள், பார்ப்போம். தினமும் ஏறி இறங்குகிற படிகள்தானே?

தெரியவில்லை, இல்லையா? அங்குலத்தைக் கேட்டிருந்தால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லியிருப்பார். "ஏழு. முதல் படி எட்டு அங்குலம், மத்ததெல்லாம் ஆறரை. கடைசிப் படியில வலது மூலை உடைஞ்சிருக்கு."

அங்குலம் என்பது அவருடைய பெயரல்ல. இருபத்திரண்டு வருடமாக நில அளவையர் வேலை. சோப்புக்கட்டி எவ்வளவு தேய்ந்தது என்பதைக்கூட அளவோடு சொல்கிற ஆள் என்பதால் கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர். அவருக்கும் அது பிடித்துப்போய், வீட்டில் மனைவிகூடக் கோபம் வந்தால் "இந்த அங்குலத்தோட குடும்பம் நடத்துறதுக்கு" என்றுதான் ஆரம்பிப்பார்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு புதுக் கட்டடத்தின் சுற்றுச்சுவரை அளந்துகொண்டிருந்தபோது அந்தச் சுவர் அவர்மேல் சரிந்தது. இடுப்புக்குக் கீழே கால்கள் வேலை செய்வதை நிறுத்திக்கொண்டன. ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர்கள் எல்லாம் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். யார் செய்த பாவமோ, எந்த ஜென்மத்துக் கடனோ.

"பாவம் பண்ணினது யாருன்னு எனக்குத் தெரியும்" என்பார் அங்குலம். "கான்ட்ராக்டர். சிமென்டுல பாதி மணலைக் கலந்தான். இதுக்கு எதுக்கு முன்ஜென்மம் வரைக்கும் போறீங்க? போன மாசத்து ரசீதைப் பாருங்க, போதும்."

வந்தவர்கள் அடுத்த முறை வரவில்லை. அதுவும் நல்லதாயிற்று.

வேலைக்குத் திரும்பியதும் அவரைத் தரைத்தளத்து வரைபட அறையில் உட்காரவைத்தார்கள். மற்றவர்கள் அளந்துகொண்டு வந்ததை அவர் படமாக வரைய வேண்டும். அளந்து வந்ததில் தப்பு இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு வரைய வேண்டும். களத்துக்கு அனுப்புங்கள் என்று மூன்று முறை எழுதிப்போட்டார். மூன்றாவதுக்குப் பதில் வந்தது. "துணையாள் எவரும் இன்றித் தாமே களத்துக்குச் சென்று, அளந்து, திரும்பிக் காட்டினால் பரிசீலிக்கப்படும்." சோதனைக்கு ஒரு வியாழக்கிழமையும் குறித்திருந்தார்கள்.

துணையாள் எவரும் இன்றி! இதில் கையெழுத்துப் போட்ட அதிகாரி களத்துக்குப் போகும்போது வண்டி ஓட்ட ஒருவர், குடை பிடிக்க ஒருவர், ஃபிளாஸ்க் தூக்க ஒருவர். இரண்டு கால்களும் திடமாக இருக்கிறவருக்கு மூன்று பேர் துணை. கால் வேலை செய்யாதவர் தனியாகப் போய்க் காட்ட வேண்டும். எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த கணக்கோ தெரியவில்லை.

அங்குலம் சண்டை போடவில்லை. "தனியா வரணும், அவ்வளவுதானே? வர்றேன்" என்றார். அவர் அளக்க வேண்டிய இடங்கள் சேறும் பள்ளமும் பாறையுமான இடங்கள். சாதாரணக் கார் அங்கே பாதி வழியில் படுத்துக்கொள்ளும். அதனால் நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ஜீப் ஒன்றை வாங்கினார். பட்டறைக்காரர் கிளட்ச், பிரேக், ஆக்சிலேட்டர் எல்லாவற்றையும் கைக்கு மாற்றிக்கொடுத்தார். சக்கர நாற்காலியிலிருந்து இருக்கைக்கு நகர்ந்து போக, கதவோரம் மடக்குப் பலகை ஒன்றும் மாட்டினார். கடைசியில் கூரை விஷயம் வந்தது.

"ரெண்டு தலை இருக்கு" என்றார் பட்டறைக்காரர். மூலையில் ஒரு கெட்டியான ஃபைபர் கூரையும், துணி போர்த்துகிற வளைவுக் கம்பிகளும் கிடந்தன. "ஒண்ணு ஹெல்மெட், ஒண்ணு தொப்பி." அப்புறம் அங்குலத்தின் மனைவி பக்கம் திரும்பி, "அக்கா, சாருக்கு எது வசதியா இருக்கும்?"

"சாருக்குக் காது நல்லாவே கேக்கும். அவரையே கேளு."

பட்டறைக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"கெட்டிக்கூரை" என்றார் அங்குலம் சட்டென்று. "கண்ணாடிக்குக் கறுப்பா ஏதாவது ஒட்டிடு."

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தார். 

வீட்டுக்கு வந்ததும் விவாதம் சூடு பிடித்தது. மனைவியின் தம்பி காப்பீட்டு முகவர். ஆபத்து எங்கே எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிப் பிடித்துச் சொல்வதே அவருக்குப் பிழைப்பு. "கெட்டிக்கூரைதான் மாமா. துணின்னா திருடனுக்கு ஒரு பிளேடு போதும்."

"திருட உள்ள என்ன இருக்கு? கருவிப் பெட்டியை நான் கையோட எடுத்துட்டுப் போயிடுவேன். மிஞ்சினா கருவியை நிறுத்துற முக்காலி."

"மழை? தூசி? வெயில்?"

"மழை, தூசி, வெயில் எல்லாம் எனக்குப் பழைய சிநேகிதங்க. ரெண்டு வருஷமா பாக்கல, அதான் ஏக்கமா இருக்கு."

"அப்ப துணிக்கூரையா?"

"இல்லடா, கெட்டிக்கூரைதான்."

"அதைத்தானே மாமா நானும் சொல்றேன்! எதுக்குச் சண்டை போடுறீங்க?" தம்பி அக்காவிடம் திரும்பினார். "நீ ஏன் வாயே திறக்க மாட்டேங்கிற?"

அக்கா தார்ப்பாய் தைக்கிறவர். லாரிப் படுதா, கடை முன்னால் கட்டுகிற பந்தல் துணி, படகு மூடுகிற உறை எல்லாம் அவர் கையில் ஆகும். முன்னறையில் பெரிய தையல் மிஷின். வீடு முழுக்க மெழுகு வாசனை. "நான் துணின்னு சொன்னா வியாபாரம் பாக்குறாம்பீங்க. கெட்டின்னு சொன்னா தொழிலுக்குத் துரோகம்பீங்க. வாயில ஊசி இருக்கு, விடுங்க" என்று மிஷினை மிதித்தார்.

அங்குலம் கட்டம் போட்ட தாளை எடுத்து ஜீப்பை வரைந்தார். ஓட்டுநர் இருக்கை, பக்கத்தில் கருவிப் பெட்டியும் முக்காலியும், இருக்கைக்குப் பின்னால் நாற்காலி. நாற்காலியின் சக்கரங்களைக் கழற்றிவிட்டால் சட்டம் இருபத்தாறு அங்குலம், இடம் இருபத்தெட்டு. "ரெண்டு அங்குலம் மிச்சம்" என்று தாளை மச்சானிடம் நீட்டினார், பிள்ளை பெற்ற பூரிப்போடு.

திங்கட்கிழமை பட்டறைக்குப் போனார்கள். ஜீப் தலையில் கெட்டிக்கூரை பளபளவென்று உட்கார்ந்திருந்தது. அங்குலம் பலகையைப் பிடித்தார், உடம்பைத் தூக்கினார், இருக்கைக்கு நகர்ந்தார். கச்சிதம். கீழே நின்ற நாற்காலியின் சக்கரங்களைக் கழற்றி உள்ளே போட்டார். சட்டத்தைத் தூக்கி மார்பின்மேல் வைத்தார். பின்பக்கம் தள்ளத் திரும்பினார்.

டொக்.

கால் வைக்கிற தகடு கூரை விளிம்பில் முட்டியது. சாய்த்துப் பார்த்தார், ஸ்டியரிங்கில் மாட்டியது. புரட்டிப் பார்த்தார், சட்டம் கூரைக்கும் அவர் நெஞ்சுக்கும் நடுவில் இறுகிக்கொண்டது. மடியில் நாற்காலியோடு, முன்னும் போக முடியாமல் பின்னும் போக முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

"இருங்க சார், பின்கதவைத் திறந்து நான் வாங்கிக்கிறேன்" என்று பட்டறைக்காரர் ஓடி வந்தார்.

"நீ வந்து திறக்கணும்" என்றார் அங்குலம் மெதுவாக. "அதுக்குப் பேருதாம்பா துணையாள்."

 வியாழக்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது. மனைவி அவர் சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை உருவி, விரித்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"ஏங்க, இதுல கூரை எங்க?"

"கூரையா?"

"நீளம் போட்டிருக்கீங்க, அகலம் போட்டிருக்கீங்க. உயரம்?"

அங்குலம் தாளை வாங்கிப் பார்த்தார். முகம் சுருங்கியது, அப்புறம் விரிந்தது. இருபத்திரண்டு வருடமாக அவர் வரைந்ததெல்லாம் நிலம். நிலத்தை மேலிருந்து பார்த்து வரைவார்கள். வயலுக்குக் கூரை ஏது? அதே கையோடு ஜீப்பையும் ஒரு மனைக்கட்டு மாதிரி வரைந்து வைத்திருக்கிறார். குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார். மடியில் இருந்த நாற்காலியும் சேர்ந்து குலுங்கியது.

"சிரிப்பு வேற" என்றார் மனைவி. "மேலேர்ந்து பாத்தா எல்லாம் சரியாத்தான் இருக்கு. நாற்காலி என்ன, வானம் வழியாவா உள்ள போகும்?"

சொல்லிவிட்டு நிறுத்தினார். அங்குலமும் சிரிப்பை நிறுத்தினார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"போகும்" என்றார் அங்குலம். "கூரை இல்லைன்னா வானம் வழியாத்தான் போகும்!"

பட்டறைக்காரர் ஏற்கெனவே ஸ்பேனரை எடுத்துவிட்டார். பத்து நிமிடத்தில் கெட்டிக்கூரை மறுபடி மூலைக்குப் போனது. அங்குலம் நாற்காலிச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கி, தோளைத் தாண்டிப் பின்னால் இறக்கினார். இரண்டு வருடமாகச் சக்கரம் தள்ளிய கைகள் அவை. பட்டறைக்காரர் விசில் அடித்தார்.

"பதினோரு வினாடி சார்!"

அங்குலம் மட்டும் தயங்கினார். மனைவியிடம் குரலைத் தாழ்த்தி, "எல்லாரும் பாப்பாங்களே" என்றார்.

கறுப்புக் கண்ணாடி கேட்டது எதற்கென்று மனைவிக்கு அன்றைக்கே தெரியும். அவர் வண்டி ஏறும்போதெல்லாம் நாலு பேர் நின்று 'ஐயோ பாவம்' என்று உச்சுக்கொட்டுவார்கள். அந்த உச்சுக்கொட்டலுக்குத்தான் கூரை தேடியிருக்கிறார்.

"பாக்கட்டுமே" என்றார் மனைவி. "கூரைக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு, கதவைத் திறக்க யாராவது வருவாங்களான்னு காத்துக்கிட்டு இருந்தா யாரும் பாக்க மாட்டாங்க, சரிதான். அது என்ன கௌரவங்க?"

அங்குலம் பட்டறைக்காரரைக் கூப்பிட்டார். "தொப்பியே மாட்டிடுப்பா."

இரண்டு நாள் முன்னறையில் மிஷின் ஓய்வே எடுக்கவில்லை. கடையில் வருகிற துணிக்கூரையை வெளியே நின்றுதான் கழற்ற வேண்டும். "நிக்கிறவங்களுக்காக நிக்கிறவன் தைச்சது" என்று திட்டிக்கொண்டே மனைவி அதைப் பிரித்துப்போட்டார். ஓட்டுநர் தலைக்குப் பின்னால் மட்டும் தனியாக ஒரு திறப்பு. ஜிப்பை உள்பக்கமாக வைத்து, ஈரக் கையிலும் நழுவாதபடி நுனியில் பெரிய வளையம் கட்டினார். இழுத்தால் கூரை சுருண்டு விலகும்; திருப்பி இழுத்தால் மூடிக்கொள்ளும். துணி பிடித்துக்கொடுக்கத் தம்பி. "அக்கா, நான் இன்சூரன்ஸ் ஏஜென்டுக்கா." "தெரியும். நேரா பிடி, ஏஜென்டு."

வியாழக்கிழமை தூறலோடு விடிந்தது. அளக்க வேண்டிய நிலம் சேற்றுப் பாதையின் கடைசியில் இருந்தது. அதிகாரியின் கார் பாதை முனையிலேயே வழுக்கி நின்றுவிட்டது. கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து, உள்ளே யார் இருக்கிறார் என்றே தெரியவில்லை. குடைக்காரர் வேறு அன்றைக்கு விடுப்பு. அங்குலத்தின் ஜீப் உறுமிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றது.

"ஏறுங்க ஐயா. நீங்க பாக்காம எப்படிச் சோதனை?"

அதிகாரி சேற்றில் கால் வைத்து, முனகிக்கொண்டே ஏறினார். பக்கத்து இருக்கையில் கருவிப் பெட்டி இருந்தது.

"கொஞ்சம் மடியில வெச்சுக்கோங்க ஐயா. அடிபட்டா அளவு தப்பிடும்."

மேடு பள்ளமெல்லாம் அதிகாரி பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குலுங்கினார். வயலோரத்தில் அங்குலம் வளையத்தை இழுத்தார். கூரை சுருண்டது, தூறல் முகத்தில் விழுந்தது, நாற்காலி வானம் வழியாக வெளியே வந்தது. வேலை செய்துகொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். யாரும் உச்சுக்கொட்டவில்லை. ஒரு பெண், "அட, அதை இன்னொரு தடவை செய்ங்க, சரியாப் பாக்கல!" என்று கத்தினார். அங்குலத்துக்குக் காது வரை சிரிப்பு.

முக்காலியின் காலைச் சுருக்கித் தன் கண் உயரத்துக்கு நிறுத்தினார். கால் சுருங்கிய முக்காலியைப் பார்த்து இதுவரை யாரும் பரிதாபப்பட்டதில்லை; அது சரியாக அளக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். அங்குலம் சரியாக அளந்தார். பழைய வரைபடத்தில் இருந்த ஒரு தப்பையும் கண்டுபிடித்துச் சொன்னார்.

திரும்பும்போது அதிகாரி நோட்டைத் திறந்து "துணையாள் எவரும் இன்றி" என்று எழுதி, நிறுத்தினார்.

"என்ன ஐயா, பெட்டி தூக்கினதை எந்தக் கணக்குல சேக்குறதுன்னு யோசிக்கிறீங்களா?"

அதிகாரி ஈர முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "ஆமா, இந்தத் துணையாள் விதியை யாருய்யா போட்டது?"

"நீங்கதான் ஐயா."

அந்த வரியை அதிகாரி அடித்தார். அதற்குக் கீழே, "களப்பணிக்கு உடனே அனுப்பலாம்" என்று எழுதினார். இப்போது அங்குலம் வாரத்தில் ஐந்து நாள் வெளியேதான். வெயிலில் கறுத்துப்போய்விட்டார் என்று மனைவி புகார் சொல்கிறார். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தால் புகார் மாதிரித் தெரியவில்லை.

எல்லோருக்கும் துணிக்கூரைதான் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. இன்னொருவருக்குக் கெட்டிக்கூரை பொருந்தலாம். எது பொருந்தும் என்பதைப் பக்கத்தில் நிற்கிறவரிடம் கேட்காதீர்கள், உட்கார்ந்திருப்பவரிடம் கேளுங்கள். நாளைக்கு வேலைக்குப் போகும்போது ஒரு அளவு நாடாவைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வாசற்படிகளை எண்ணுங்கள், உயரத்தை அளங்கள், கதவின் அகலத்தை அளங்கள். ஒரு தாளில் எழுதி, உங்கள் மேலதிகாரியின் மேசைமேல் வைத்து, சாய்தளம் எப்போது வரும் என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் மறுநாளும் போய்க் கேளுங்கள்.