மாமாவைக் கூப்பிடப் போன தீவு

மாமா சுற்றிக் காட்டுவதாகச் சொன்ன நாட்டை, அந்த மாமாவைத் தேடிக்கொண்டே சுற்றிப் பார்க்கும்படி ஆயிற்று எனக்கு. அப்போது ஏழு வயது. மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. புதியம்புத்தூரில் சட்டை தைத்துக்கொண்டிருந்தவர், மாலத்தீவில் ஒரு தையல் கடைக்கு வேலைக்குப் போனார். மே மாத லீவுக்கு வாருங்கள் என்று எனக்கும் அம்மாவுக்கும் பாஸ்போர்ட் எடுக்க வைத்தவரும் அவர்தான். கோவில்பட்டியில் எங்கள் தெருவிலேயே பாஸ்போர்ட் வைத்திருக்கும் ஒரே இரண்டாம் வகுப்புக்காரி நான் என்று தலைகால் புரியாமல் திரிந்தேன்.

மே மாதம் வருவதற்குள், ஒரு விடுமுறை நாளில் மாமா தெரிந்தவர் ஒருவரோடு சின்னப் படகில் மீன் பிடிக்கப் போனார். படகு மட்டும் வேறொரு தீவில் ஒதுங்கியது. இரண்டு பேரும் இல்லை. அந்த ஊர்க்காரர்கள் தேடித் தேடிக் கைவிட்டார்கள். அம்மா கைவிடவில்லை. எங்கேயாவது கரையேறி, பாஷை தெரியாமல் முழித்துக்கொண்டு இருப்பான் என்றாள். அப்பாவுக்குப் பாஸ்போர்ட் இல்லாததால் அவள் என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். மாமாவை அழைத்து வரப் போகிறோம் என்பதுதான் எனக்குத் தெரியும்.

திருவனந்தபுரத்திலிருந்து போன விமானம் முழுக்கப் புதுமணத் தம்பதிகள். பெரிய பெரிய தொப்பிகள் வைத்திருந்தார்கள். நாங்கள் கடலைமிட்டாய் வைத்திருந்தோம். பாஸ்போர்ட்டில் விழுந்த முத்திரையின்படி நாங்களும் சுற்றிப் பார்க்க வந்தவர்கள்தான். விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தால் ரோடு இல்லை, கடல். நம் ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்கள் நிற்கிற மாதிரி அங்கே படகுகள் நின்றன. அவற்றை அவர்களும் தோணி என்றுதான் சொன்னார்கள். மாமாவோடு வேலை பார்த்த கோவில்பட்டிக்காரர் ஒருவர் எங்களுக்காகக் காத்திருந்தார். அம்மா அவரைப் பாய் என்று கூப்பிட்டாள்.

அடுத்து வந்த நாட்களில் பாய் எங்களைத் தீவு தீவாகக் கூட்டிப்போனார். மெதுவாகப் போகும் பெரிய தோணியில் காலையில் ஏறினால் வெயில் ஏறிய பிறகுதான் ஒரு தீவு வரும். வெள்ளை மணல் தெரு, பவளக்கல் சுவர். இந்தக் கடைசியில் நின்று பார்த்தால் தெருவின் அந்தக் கடைசியில் மறுபடியும் கடல். இறங்கியதும் அம்மா என்னைத் துறையின் நுனியில் நிறுத்துவாள்.

"ஏட்டி, நல்லா சத்தமாக் கூப்பிடு. நீ கூப்பிட்டா எங்கன கெடந்தாலும் அவனுக்குக் காது கேக்கும்."

நான் கூப்பிடுவேன். அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. கூப்பிட்டதும் தெரு கூட்டிக்கொண்டிருந்த பெண்கள் விளக்குமாற்றை நிறுத்திவிடுவார்கள். கயிற்று நாற்காலிகளில் இருந்த ஆண்கள் எழுந்து நிற்பார்கள். நாங்கள் திரும்பி ஏறுகிறவரை அப்படியே நிற்பார்கள். விருந்தாளி வந்தால் இந்த நாட்டில் இப்படித்தான் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

கடைசியில் ஒரு தீவு மிச்சமிருந்தது. படகு ஒதுங்கிய இடம். "அங்கன ஆளே கெடையாது தங்கச்சி. போயி என்ன செய்யப் போறீங்க?" என்று பாய் எவ்வளவோ சொன்னார். அம்மா கேட்கவில்லை. கடைசியில் அவரே சின்னத் தோணி ஒன்றைப் பேசி எங்களோடு வந்தார்.

நல்ல உச்சிப் பொழுது. தோணிக்காரர் என்ஜினை நிறுத்தியதும் காதில் ஒன்றுமே இல்லாமல் போயிற்று. தென்னை மட்டைகூட ஆடவில்லை. கரை நெடுக எங்கெங்கிருந்தோ கடல் கொண்டுவந்து போட்ட செருப்புகள் கிடந்தன. எல்லாம் ஒற்றை. அம்மா ஒவ்வொன்றாகக் குனிந்து புரட்டிப் பார்த்தாள். நான் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக எனக்குப் பயமாக இருந்தது.

"கூப்பிடுட்டி" என்றாள் நிமிராமலே.

கூப்பிட்டேன். ஒன்றுமில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு, நான் கூப்பிட்டதே மறந்துபோகிற அளவு நேரம் கழித்து, தண்ணீர்ப் பக்கமிருந்து பதில் வந்தது. போனில் பேசும்போதும் மாமாவின் குரல் அப்படித்தான் தாமதித்து வரும், அதனால் எனக்கு அதிசயமாகப் படவில்லை. அவர் குரலேதான். கொஞ்சம் களைத்திருந்தது. தமிழ் தெரியாத தோணிக்காரரும் அதே திசையில் திரும்பிப் பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"எம்மா, மாமா பேசுனாவ!"

அம்மாவுக்குக் கேட்டிருக்கவில்லை. கையிலிருந்த செருப்பைக் கீழே வைத்தாள்.

"என்ன சொன்னான்?"

"வாரேன்னாவ."

"வாரேன்னா? வேற ஒண்ணும் சொல்லலியா?"

"வாரேன்னு மட்டுந்தான்."

அம்மா அப்படியே மணலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். ஊரில் சேதி வந்த நாளிலிருந்து அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. நல்ல சேதி சொன்னால் யாராவது அழுவார்களா? அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போவோம் பாய். சொல்லிட்டான்" என்றாள்.

வருகிறேன் என்று சொன்ன ஆளை விட்டுவிட்டு எப்படிப் போவது? நான் ஒரு தென்னையைக் கட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றேன். தூக்க வந்த பாயின் கையைக் கடித்தேன். அவர் கடித்த கையாலேயே என்னைத் தூக்கிக்கொண்டு போனார். தோணியில் என் பக்கத்தில் மாமாவுக்கு இடம் விட்டு உட்கார்ந்தேன். அந்த இடத்தில் யாரும் உட்காரவில்லை.

ஊருக்கு வந்த கையோடு மாமா படத்துக்கு மாலை போட்டார்கள். வரப்போகிறவருக்கு எதற்கு மாலை என்று தரையில் புரண்டு சண்டை போட்டேன். அம்மா என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "சொல்லிட்டுத்தான் போயிருக்கான்ட்டி, எங்கிட்ட சொல்லாமப் போகல" என்றாள். மாமா வருவதாகத்தானே சொன்னார், இவள் ஏன் போனதாகச் சொல்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் காலையில் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது எப்போதும் சொல்வதுபோல, "எம்மா, வாரேன்" என்று உள்ளே பார்த்துக் கத்தினேன். அடுப்படியிலிருந்து அம்மா விழுந்தடித்து ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். விடவே இல்லை. மணியடித்துவிடுமே என்று நான் கையை உதறிக்கொண்டிருந்தேன்.